எஸ்.எஸ்.டி. போட்டதும் விளையாட்டுகளை மறுபடி தரவிறக்க வேண்டாம்
மடிக்கணினியில் பழைய வன்தட்டைக் கழற்றாமல், காலி எம்.2 துளையில் (மெல்லிய சேமிப்பு அட்டையைச் செருகும் இடம்) எஸ்.எஸ்.டி.யை, அதாவது வன்தட்டைவிட வேகமான சேமிப்பகத்தைப் பொருத்துங்கள். பிறகு, விளையாட்டுகளை வாங்கித் தரவிறக்கும் ஸ்டீம் செயலியின் சேமிப்பகப் பகுதியில் அதைச் சேர்த்து, விளையாட்டை அங்கிருந்தே நகர்த்துங்கள். தட்டிலிருந்து தட்டுக்குப் பிரதியாவதால் 100 ஜிபி விளையாட்டுக்கும் டேட்டா கரையாது. மாதக் கடைசியில் டேட்டாவை எண்ணிப் பார்க்கும் திருகோணமலைக்காரருக்கு இது பெரிய விடயம். எல்லாவற்றையும் நகர்த்தாமல், இப்போது விளையாடுவதை மட்டும் மாற்றினால் 500 ஜிபியே தாராளம். விளையாட்டு திறக்கக் காத்திருக்கும் நேரம்தான் குறையும், படம் சீராக ஓடுவது கிராபிக்ஸ் அட்டையின் பொறுப்பு.

காலித் துளை இல்லாத கணினிக்கு இது பொருந்தாது. எம்.2 எஸ்.எஸ்.டி.யில் சாட்டா, என்விஎம்இ என இரு வகை உண்டு; சாட்டா மட்டும் ஏற்கும் துளையில் என்விஎம்இ வகை வேலை செய்யாது. வாங்குமுன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் துருவேறிய திருகாணியென்றால் மெதுவாக.