வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் புதினா: வளர்ப்பும் சேமிப்பும்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கும் புதினாக் கட்டிலிருந்து தடித்த தண்டுகள் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, கணுக்கள் மூழ்கும்படி நீரில் நிறுத்தி, அந்நீரை நாள்தோறும் மாற்றிவந்தால், ஓரிரு வாரங்களில் கணுக்களிலிருந்து வெண்ணிற வேர்கள் இறங்கும். பிறகு, காலை வெயில் படும் இடத்தில், அடியில் துளையுள்ள அகன்ற தொட்டியில் நடலாம். தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். ஆகவே தட்டே வேண்டாம் என்பது என் கருத்து.

மிகுந்த இலைகளை உலர்த்துவது இவ்வூர் ஈரக்காற்றில் எளிதன்று, பூஞ்சை பிடித்துவிடும். மாறாக, அலசித் துடைத்துப் பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டின் குழிகளில் சிறிது நீருடன் உறையவைக்கலாம். நிறம் சற்று மங்கினாலும் பிரியாணிக்கு மணம் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு அந்த வேலையும் இல்லை: ஈரமின்றி உருவி, காற்றுப் புகாத டப்பாவில் உறையவைத்து, அப்படியே தாளிப்பில் போடலாம். எண்ணெய் தெறிக்கும், சற்று விலகி நிற்கவும்.