விண்டோஸ் 11 போட்டதும் லேப்டாப் கிராபிக்ஸ் திணறுதா? எங்க ஆரம்பிக்கணும்னு சொல்றேன்

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது, அதுக்கு முன்னாடியும் பின்னாடியுமா நம்ம சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா 11க்கு மாறுனாங்க, மாறுன மறுநாளே எனக்கு போன் வந்துரும். "மாமா, அப்கிரேட் பண்ணேன், கேம் ஜெர்க் அடிக்குது, வீடியோ கூட தொங்குது, கிராபிக்ஸ் கார்டு போச்சா?" கார்டு எல்லாம் அவ்ளோ சீக்கிரம் போகாதுப்பா. முந்தாநாள் ஓடுன அதே மெஷின்தான், நடுவுல எந்த செட்டிங் மாறிச்சு, எந்த டிரைவர் (கார்டையும் விண்டோஸையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்) மாறிச்சுன்னுதான் தேடணும்.

அப்கிரேட் பண்ணி ஒரு நாள் கூட ஆகலன்னா எதையும் தொடாதீங்க. சார்ஜர்ல போட்டு ரெண்டு மூணு மணி நேரம் ஆன்ல விடுங்க. பின்னாடி சர்ச் இன்டெக்ஸிங், டிஃபென்டர் ஸ்கேன், மிச்ச அப்டேட்னு எல்லாம் ஒரே நேரத்துல ஓடிட்டிருக்கும். டிரைவர் மாறுனதால கேமோட ஷேடர் கேஷும், அதாவது படம் வரையறதுக்கு முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கிற ஃபைல்களும், புதுசா உருவாகணும், அதனால முதல் தடவை ஆடும்போது அங்கங்க சிக்கும், அது நோய் இல்ல. எல்லா அப்டேட்டும் முடிஞ்சு, ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணியும் அப்படியே இருந்தாதான் அடுத்த வேலை.

இப்ப கேமையோ எடிட்டிங் சாஃப்ட்வேரையோ ஓட விட்டுட்டு கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அடிச்சு டாஸ்க் மேனேஜர் திறங்க, பெர்ஃபார்மன்ஸ் டேப் போங்க. ஜிபியுன்னா கிராபிக்ஸ் சிப்பு, ரெண்டு கிராபிக்ஸ் இருக்கிற லேப்டாப்னா ஜிபியு 0, ஜிபியு 1னு ரெண்டு காட்டும். பெரும்பாலும் 0 ப்ராசஸர் கூடவே வர்ற ஆன்போர்டு, 1 தனி கார்டு. எது உழைக்குது, எது தூங்குதுன்னு பாருங்க. யூடியூப் பாத்து ரெஜிஸ்ட்ரின்னு விண்டோஸோட உள் செட்டிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்த ஒரு நிமிஷ வேலைய செஞ்சா பாதி பேருக்கு விடை அங்கயே கிடைச்சிரும்.

அக்கா பையன் லேப்டாப்ல நான் பாத்தது இதான். முன்னாடி 60 எஃப்பிஎஸ்ல (ஒரு செகண்டுக்கு 60 படம்) ஓடுன கேம் இருபத்தஞ்சுக்கு வந்துருச்சுன்னு அழுதான். திறந்து பாத்தா ஜிபியு 0 97 சதவீதத்துல நுரை தள்ளிட்டு இருக்கு, ஜிபியு 1 பூஜ்ஜியத்துல நிம்மதியா படுத்திருக்கு. காசு குடுத்து வாங்குன கார்டு சும்மா கிடக்குது, ஓசில வந்தது மூட்டை தூக்குது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ்னு போனா ஒவ்வொரு ஆப்புக்கும் எந்த சிப்புனு நாமளே சொல்லலாம், அங்க கேம செலக்ட் பண்ணி ஹை பெர்ஃபார்மன்ஸ்னு வைக்கணும். "அதெல்லாம் நான் பண்ணிட்டேன் மாமா"ன்னான். பண்ணிருந்தான்தான், ஆனா கேமோட லாஞ்சரை சேத்து வச்சிருக்கான்! லாஞ்சர் வேற, உள்ள ஓடுற கேம் ஃபைல் வேற. கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜர்ல அது மேல ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் ஃபைல் லொகேஷன் குடுத்தா நிஜமான ஃபைல் எங்க இருக்குன்னு காட்டும், அதை சேத்தோம், கேமை மூடி திறந்தோம், ஜிபியு 1 எழுந்து வேலைக்கு கிளம்பிருச்சு. அப்பவும் பழைய 60 வரல, நாப்பத்தி சொச்சம்தான், அது ஏன்னு கீழ சொல்றேன்.

டாஸ்க் மேனேஜர்ல ஜிபியுவே காட்டலன்னாலோ, ரெண்டு இருக்க வேண்டிய லேப்டாப்ல ஒண்ணு மட்டும் காட்டுனாலோ பெரும்பாலும் டிரைவர் பிரச்சனை. ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக், டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ். அங்க மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு இருந்தா உங்க கார்டுக்கு உண்டான டிரைவரே ஏறலன்னு அர்த்தம், விண்டோஸ் ஏதோ படம் தெரிஞ்சா போதும்னு ஒப்பேத்திட்டு இருக்கு. டிரைவர் டேட்ல 2006 ஜூன் 21னு போட்டிருக்கும், பாத்துட்டு பயந்துறாதீங்க, இருபது வருஷ பழசு இல்ல அது. விண்டோஸ் கூடவே வர்ற டிரைவருக்கு எல்லாம் வேணும்னேதான் அந்தத் தேதிய போட்டு வச்சிருக்காங்க, கம்பெனி டிரைவர் ஒண்ணு வந்தா அது புதுசுன்னு ஜெயிக்கட்டும்னு.

டிரைவர் எங்க எடுக்கணும்ங்கறதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க. முதல்ல லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துக்கு போங்க, லேப்டாப்புக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கிற மாடலையோ சீரியல் நம்பரையோ போட்டு, அந்த மாடலுக்கு விண்டோஸ் 11ன்னு குடுத்திருக்கிற சிப்செட் (மதர்போர்டுக்கானது), கிராபிக்ஸ் டிரைவர் ரெண்டையும் எடுங்க. தனி கார்டுக்கு மட்டும் வேணும்னா என்விடியா, ஏஎம்டி தளத்துல நேரா எடுக்கலாம். என்விடியா இன்ஸ்டாலர்ல கஸ்டம் போயி கிளீன் இன்ஸ்டாலேஷன்னு ஒரு டிக் இருக்கும், அதை போடுங்க, பழைய செட்டிங் மிச்சமெல்லாம் போயிரும்.

"டிடியு போட்டு எல்லாத்தையும் தொடச்சு எடு"ன்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க. டிடியுன்னா டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், பழைய டிரைவரை மிச்சமில்லாம எடுக்கிற நல்ல டூல்தான், ஆனா அதுதான் கடைசி ஆயுதம். அதை சேஃப் மோடுல (விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் வச்சு ஓடுற நிலை) ஓட்டணும், சேஃப் மோடு போகும்போது டிஸ்க்கை பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட ரெகவரி கீ கேட்டாலும் கேக்கும், பின் நம்பர் வேலை செய்யாம பாஸ்வேர்டு வேணும்னும் நிக்கலாம், ரெண்டும் கையில இல்லன்னா சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல முன்னாடியே பாத்து எழுதி வச்சுக்கங்க, புது டிரைவரை முதல்லயே டவுன்லோடு பண்ணிக்கங்க, தொடைக்கிறதுக்கு முன்னாடி வைஃபைய ஆஃப் பண்ணுங்க, இல்லாட்டி நீங்க போடுறதுக்குள்ள விண்டோஸ் அப்டேட் தானா ஒண்ணை இறக்கி போட்டுரும்.

முதல்ல நல்லா ஓடி, அப்டேட்டுக்கு அப்புறம் திடீர்னு கெட்டுச்சுன்னா டிவைஸ் மேனேஜர்ல கார்டு மேல டபுள் கிளிக், டிரைவர் டேப், ரோல் பேக் டிரைவர். அந்த பட்டன் மங்கலா இருந்தா திரும்பிப் போக பழைய டிரைவர் இல்லன்னு அர்த்தம்.

பழைய கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ஜிடிஎக்ஸ் 1050, 1060 மாதிரி பாஸ்கல் தலைமுறை என்விடியா கார்டுகளுக்கு, புது கேமுக்காக வர்ற கேம் ரெடி டிரைவர் 2025 அக்டோபரோட நின்னுருச்சு, இனிமே 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். அதனால லேட்டஸ்ட் டிரைவர் தேடி அலையாதீங்க, உங்க கார்டுக்கு 580 வரிசைதான் கடைசி.

இப்ப அந்த நாப்பத்தி சொச்சம் கதைக்கு வரேன். பையனோட லேப்டாப்ல செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்டு பேட்டரில பவர் மோடு பெஸ்ட் பவர் எஃபிஷியன்சில கிடந்துச்சு, சார்ஜர் போட்டிருந்தும். அதை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆக்குனதும் அம்பதைத் தாண்டிருச்சு. அந்த பவர் மோடை மாத்தவே விடலன்னா பழைய கன்ட்ரோல் பேனல்ல பவர் பிளான் பேலன்ஸ்டுல இருக்கான்னு பாருங்க, வேற பிளான் இருந்தா இது பூட்டிக்கும். அப்புறம் சார்ஜர்! செங்கல் மாதிரி இருக்கிற ஒரிஜினல் 150 வாட் சார்ஜரை ஊர்ல மறந்துட்டு வந்து 65 வாட் டைப்-சி சார்ஜர்ல கேம் ஆடுனா எந்த செட்டிங்கும் காப்பாத்தாது.

ஸ்கிரீன் 144 ஹெர்ட்ஸா (செகண்டுக்கு 144 தடவை படம் மாத்துறது) இருந்தா டிஸ்ப்ளே செட்டிங்குக்குள்ள அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல ஒரு தடவை எட்டிப் பாருங்க, டிரைவர் மாறும்போது சத்தமில்லாம 60க்கு இறங்கியிருக்கலாம், அப்படின்னா எல்லாம் சரியாத்தான் ஓடும் ஆனா கண்ணுக்கு இழுக்கிற மாதிரி இருக்கும்.

மெமரி இன்டக்ரிட்டி பத்தி எல்லாரும் கேக்குறீங்க. விண்டோஸ் செக்யூரிட்டில டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷனுக்குள்ள இருக்கும். அது ஆன்ல இருந்தா சில கேம்ல வேகம் குறையும், உண்மைதான், 2022ல மைக்ரோசாஃப்டே கேம் ஆடும்போது அணைச்சுட்டு முடிஞ்சதும் திரும்ப போட்டுக்கலாம்னு சொல்லிருக்கு. ஆனா அது கெட்ட புரோகிராம் விண்டோஸோட மையத்துல நுழையாம தடுக்கிற பாதுகாப்புக்கு வச்சது. பேங்க் வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் அதே லேப்டாப்லன்னா, நாலஞ்சு எஃப்பிஎஸ்க்காக அணைக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். ஹார்டுவேர் ஆக்சலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்னு, கிராபிக்ஸ் வேலைய வரிசைப்படுத்துறதை கார்டுகிட்டயே விடுற இன்னொண்ணு, அந்த கிராபிக்ஸ் செட்டிங்ஸ் பக்கத்துலயே இருக்கும், அதை ஆன் ஆஃப் ரெண்டுலயும் ரீஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் பாத்து எது நல்லா இருக்கோ அதுல விடுங்க. ஒரே நேரத்துல நாலு மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

முதல் பத்து நிமிஷம் பறக்குது, அப்புறம் படுத்துருதுன்னா சாஃப்ட்வேரை விடுங்க, அது சூடு. டாஸ்க் மேனேஜர்லயே தனி கார்டோட டெம்பரேச்சர் தெரியும், ப்ராசஸருக்கு எச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு டூல் போட்டு பாருங்க. ப்ராசஸர் 95 டிகிரிக்கு மேல போயி கிளாக் ஸ்பீடு (அது ஓடுற வேகம்) சரியுதுன்னா ஃபேன் தூசியும் காஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டும்தான். அக்கா பையன் லேப்டாப்ப மெத்தை மேல வச்சு ஆடுற ஆளு, பின் கவரை கழட்டுனா ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல பஞ்சு மெத்தை மாதிரியே ஒரு அடுக்கு. பிரஷ்ல எடுத்தப்புறம்தான் பழைய 60 வந்துச்சு. அப்கிரேடுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆறு மாசமா சேந்தது, அன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு.

தனி கார்டே இல்லாத லேப்டாப்னா ராம் பாருங்க. ஆன்போர்டு கிராபிக்ஸ் ராமைத்தான் பங்கு போட்டுக்கும், 8 ஜிபி ஒத்த ஸ்டிக்கா இருந்தா கூட இன்னொரு ஸ்டிக் போட்டு, ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யுற டூயல் சேனல் ஆக்குனா வித்தியாசம் நல்லாவே தெரியும். ஸ்லாட் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, சில மாடல்ல போர்டுலயே சால்டர் பண்ணிருப்பாங்க.

எதுக்கும் மசியலன்னா பழைய விண்டோஸுக்கே திரும்பலாம், ஆனா அப்கிரேட் பண்ணி 10 நாளைக்குள்ளதான். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, கோ பேக். திரும்புனா 10க்கு நீட்டிச்ச செக்யூரிட்டி அப்டேட்டுக்கு பதிவு பண்ணிக்கங்க, வீட்டு உபயோகத்துக்கு அது 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். இடம் பத்தலன்னு சொல்லி அந்த 10 நாளைக்குள்ள சி டிரைவ்ல இருக்கிற விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டரை மட்டும் அழிச்சுறாதீங்க, அது போனா கோ பேக் பட்டனும் சேந்து போயிரும்.