நாஸுக்குக் கோப்பு நகலெடுப்பது மெதுவாக இருக்கிறதா? எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்

கணினியிலிருந்து வீட்டு நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த கோப்புச் சேமிப்புப் பெட்டி) ஒரு பெரிய வீடியோவை நகலெடுக்கிறோம். வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் பலரும் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், அடுத்து ஹார்ட்டிஸ்க்கைச் சந்தேகிப்பார்கள், கடைசியில் புது நாஸுக்கு விலை பார்க்கத் தொடங்குவார்கள். கேபிள், வைஃபை, யூஎஸ்பி, டிஸ்க், பிராசஸர் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஓர் உச்சவரம்பு உண்டு. நகல் எந்த எண்ணில் நிற்கிறது, நிலையாக நிற்கிறதா ஏறி இறங்குகிறதா என்பதைக் கவனித்தாலே சிக்கல் எந்தப் பகுதியில் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

அளப்பதற்கு 5 ஜிபிக்குக் குறையாத ஒரே ஒரு கோப்பு வேண்டும். ஆயிரம் புகைப்படங்கள் உள்ள கோப்புறை இதற்கு உதவாது. அது வேறு சிக்கல், பின்னால் வருகிறது. மடிக்கணினியை கேபிளில் இணைத்து வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் தரவு எந்த வழியில் போகிறது என்ற குழப்பம் வரும். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். நாஸைத் திறக்கும்போது அதன் உள்ளூர் ஐபி முகவரியையே (192.168 என்று தொடங்குவது போன்றது) பயன்படுத்துங்கள். வெளியூரிலிருந்து அணுகுவதற்காக நாஸ் நிறுவனம் கொடுத்த இணைய முகவரியில் நுழைந்தால், பக்கத்து அறையில் இருக்கும் பெட்டிக்குக்கூடக் கோப்பு இணையம் வழியாகச் சுற்றிப் போகக்கூடும்.

நகல் தொடங்கிய முதல் சில நொடிகளில் விண்டோஸ் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். அப்போது கோப்பு ரேமில்தான் நிரம்பிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் கழித்துத் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கோப்பை நாஸிலிருந்து கணினிக்கு எடுத்து, அந்த எண்ணையும் குறியுங்கள். நகல் பெட்டி காட்டுவது மெகாபைட் (எம்பி). இணையத் திட்டத்திலும் ரவுட்டர் அட்டைப்பெட்டியிலும் இருப்பது மெகாபிட். 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 மெகாபைட். கிகாபிட் இணைப்பு என்பது 1000 மெகாபிட், அதாவது கணக்குக்கு 125 எம்பி. பாக்கெட் தலைப்புகளுக்கும் நெறிமுறைக்கும் போக, கையில் கிடைப்பது 110 முதல் 113 எம்பி. உங்களுக்கு அவ்வளவு வருகிறதென்றால் கோளாறு ஒன்றும் இல்லை, கம்பி நிரம்பி ஓடுகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் 2.5 கிகாபிட்டுக்கு மாற வேண்டும். அதில் 280 எம்பி அளவுக்கு வரும், டிஸ்க் ஈடுகொடுத்தால்.

11-இல் நேர்கோடாக நின்றால்

கேபிளில் இணைத்தும் 11 முதல் 12 எம்பிக்குள் வரைபடம் தட்டையாக ஓடினால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. வீட்டு நாஸ்களில் மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு இதுதான். சரிசெய்ய ஆகும் செலவும் இதில்தான் குறைவு.

100 மெகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6 எண் ஊசிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று அறுந்தாலும், முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியபோது (கிரிம்ப்) சரியாகப் பதியாமல் போனாலும், இரு முனைகளும் பேசிப் பார்த்து 100-க்கு இறங்கிவிடும். இணையம் வழக்கம்போல ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. அதனால்தான் பல மாதங்களுக்கு யாரும் கவனிப்பதில்லை.

ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வேகத்தை முடிவு செய்கிறது என்பதை மறக்க வேண்டாம். கணினிக்கும் சுவிட்சுக்கும் இடையே 1000 இருந்துகொண்டு, சுவிட்சுக்கும் நாஸுக்கும் இடையே 100 இருக்கலாம். கணினிப் பக்கம் பார்க்க, விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், பிறகு ஈதர்நெட் பக்கம் போய் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். நாஸ் பக்கம் பார்க்க, அதன் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். லினக்ஸ் என்றால் ஈத்டூல் கட்டளை சொல்லும். எந்தப் பக்கம் 100 என்று வருகிறதோ அந்தப் பக்கத்து கேபிளை மட்டும், நல்லது என்று தெரிந்த கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளால் மாற்றிப் பாருங்கள். கேட் 5இ-யே 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். கேட் 7, கேட் 8 என்று செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் மலிவு கேபிள்களில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி வருகிறது. அது வளைவிலும் கிரிம்ப் செய்த இடத்திலும் எளிதில் முறியும். சுவருக்குள் இழுக்கும் வயரில் மட்டுமாவது முழுச் செம்பைக் கேட்டு வாங்குங்கள்.

சுவருக்குள் போன வயர் என்றால் இரு முனைகளையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்வதுதான் முதல் வேலை. 568பி எனும் கம்பி நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் ஒரே வரிசை. ஒரே கேபிளின் கம்பிகளைப் பிரித்து இரண்டு இணைப்புகளாகவோ, நீல ஜோடியைத் தொலைபேசிக்கோ பயன்படுத்தியிருந்தால் அந்த வயரில் கிகாபிட் வரவே வராது.

கேபிள் சரி என்றால் போர்ட்டைப் பாருங்கள். ஃபைபர் இணைப்போடு தரப்படும் மோடங்கள் சிலவற்றில் ஒரே ஒரு லேன் போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. மலிவான யூஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டர்களும் அப்படியே. மோடத்தை மாற்றச் சொல்லி நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கி, கணினியையும் நாஸையும் அதில் செருகி, சுவிட்சிலிருந்து மோடத்துக்கு ஒரு வயர் கொடுங்கள். இரண்டுக்கும் இடையிலான கோப்பு சுவிட்சுக்குள்ளேயே திரும்பிவிடும், மோடம் வரை போகாது.

வேகம் 11-க்கும் கீழே, ஒரு திசையில் மட்டும் படுமோசமாக இருந்தால், நெட்வொர்க் கார்டின் 'ஸ்பீடு அண்டு டூப்ளெக்ஸ்' அமைப்பை யாராவது கையால் '100 ஃபுல்' என்று வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு முனை பேச மறுத்தால் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும், மோதல்கள் பெருகும். இரு பக்கமும் 'ஆட்டோ' என்று விடுங்கள்.

30 முதல் 40: யூஎஸ்பி 2.0

இந்த எண்ணில் நின்றால் வழியில் யூஎஸ்பி 2.0 இருக்கிறது என்று பொருள். ரவுட்டரின் பின்னால் செருகிய டிஸ்க், பழைய கேபிளால் இணைத்த வெளி டிஸ்க், கருப்பு நிற போர்ட்டில் செருகிய டாக் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ராஸ்பெரி பை 3பி+ எனும் சிறு கணினிப் பலகையில் ஈதர்நெட்டே யூஎஸ்பி 2.0 வழியாகப் போவதால் அதிகபட்சம் 300 மெகாபிட்தான்; பை 4-இல் இந்தத் தடை இல்லை. ரவுட்டரில் செருகிய டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் ரவுட்டரின் சிறிய பிராசஸரே திணறி, இதைவிடக் கீழேயும் போகும்.

வைஃபையில்

வைஃபையில் வரைபடம் அலைபோல ஏறி இறங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனா மடிக்கணினி 144 மெகாபிட் இணைப்பு காட்டினாலும், கோப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி. 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்று காட்டினால், அதே அறையில் 60 எம்பி வரை எதிர்பார்க்கலாம். இரண்டு சுவர் தாண்டினால் சரியும். நாஸையும் வைஃபையில் போடாதீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே காற்றில் இருமுறை பயணிக்க வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். இன்னொன்று: யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்று இன்டெல் 2012-லேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. வெளி டிஸ்க்கை ரவுட்டரின் ஆன்டெனாவை ஒட்டி வைக்க வேண்டாம்.

நெட்வொர்க்கா, டிஸ்க்கா?

எண் இவற்றில் எதிலும் பொருந்தாமல் 50, 70 என்று நின்றால் ஐபெர்ஃப்3 கருவியை ஓட்டுங்கள். இது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். நாஸில் அதை சர்வராக ஓடவிட்டு, கணினியிலிருந்து நாஸின் ஐபிக்கு இணையுங்கள். அடுத்து ரிவர்ஸ் விருப்பத்தோடு எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் 940 மெகாபிட் அளவில் வந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்க்கையும் பிராசஸரையும் பாருங்கள்.

நாஸுக்கு எழுதும்போது மட்டும் மெதுவாக, அதுவும் முதல் சில பத்து ஜிபி வேகமாகப் போய்ப் பிறகு 30, 20 என்று சரிந்தால், எஸ்எம்ஆர் டிஸ்க்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைந்திருப்பதால், ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சிறு பகுதி தற்காலிகச் சேமிப்பாக இருக்கும்வரை வேகம் தெரியும். அது நிரம்பியதும் விழும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்று விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை உள்ள சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று ஒப்புக்கொண்டது. பிறகு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தது. மாடல் எண்ணை நிறுவனத்தின் தரவுத்தாளில் சரிபாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் அமைப்புகளை மாற்றிப் பயனில்லை. ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) அதை வைத்திருக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு டிஸ்க் செத்து மறுகட்டமைப்பு நடக்கும்போது அது நாள்கணக்கில் இழுக்கும், அந்த நேரத்தில் இன்னொன்று போனால் தரவே போய்விடும்.

சிஎம்ஆர்தான் என்றால், பின்னணியில் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். ரெய்டு சரிபார்ப்பு, ஸ்க்ரப் (தரவை முழுக்கப் படித்துப் பிழை தேடுதல்), படங்களுக்குச் சிறுபடம் உருவாக்குதல் ஆகியவை டிஸ்க்கை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். டெபியன் லினக்ஸ் சார்ந்த நாஸ்களில் ரெய்டு சோதனை வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறன்று தானே தொடங்கும். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 எண்கள் பூஜ்ஜியத்தைவிட்டு ஏறிக்கொண்டே போனால், வேகத்தை மறந்துவிட்டு முதலில் காப்புநகல் எடுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிளோ இணைப்போதான் கோளாறு.

நகல் ஓடும்போது நாஸின் பிராசஸரில் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் இருந்தால், காரணம் பெரும்பாலும் குறியாக்கம். ராஸ்பெரி பை 4-இன் பிராசஸரில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான தனிக் கட்டளைகள் இல்லை. குறியாக்கம் செய்த டிஸ்க்கோ எஸ்எம்பி (விண்டோஸ் கோப்புப் பகிர்வு நெறிமுறை) என்கிரிப்ஷனோ அதை நசுக்கிவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் எஸ்எம்பி சைனிங் (செய்திகளில் கையொப்பமிட்டுச் சரிபார்ப்பது) கட்டாயம். விண்டோஸ் புதுப்பித்த மறுநாளிலிருந்து பழைய நாஸ் மெதுவானால் இதை நினையுங்கள். சைனிங்கை அணைக்கலாம்தான், ஆனால் அது நடுவில் புகுந்து தரவை மாற்றுபவரைத் தடுக்கும் காவல். வீட்டுக்குள் மட்டும் பயன்படும் கோப்புறையில் எஸ்எம்பி என்கிரிப்ஷனை முதலில் எடுத்துப் பாருங்கள்.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள்

ஒவ்வொரு கோப்புக்கும் திற, பெயர் எழுது, நேரம் பதி, மூடு என்று பல சுற்றுப் பேச்சு நடக்கும். ஒரு கோப்புக்கு 20 மில்லிநொடி என்று வைத்தாலே 50,000 கோப்புக்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல் வெறும் பேச்சிலேயே போகும். எந்த கேபிளும் இதை மாற்றாது. திரும்பத் திரும்பத் திறக்காத கோப்புகள் என்றால், சுருக்கம் இல்லாமல் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள். தனித்தனியாகத்தான் வேண்டும் என்றால் விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையைப் பல இழைகளோடு (ஒரே நேரத்தில் பல கோப்புகள்) ஓட்டுங்கள். இயல்பாக 8, உச்சம் 128. ஒற்றை ஹார்ட்டிஸ்க்குக்கு 16-ஐத் தாண்ட வேண்டாம். டிஸ்க்கின் படிக்கும் முனை அங்குமிங்கும் ஓடி வேகம் குறையும்.

தொட வேண்டாதவை

லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வை நடத்தும் சாம்பாவின் அமைப்புக் கோப்பில் 'சாக்கெட் ஆப்ஷன்ஸ்' வரியில் பஃபர் அளவை 8192 என்று எழுதச் சொல்லும் பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது. லினக்ஸ் அந்த அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். கையால் எழுதினால் அந்தத் திறன் நின்றுபோகும். வரி இருந்தால் நீக்குங்கள்.

ஜம்போ ஃப்ரேம் எனும் 9000 எம்டியூவால் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, வழக்கமாக 1500 பைட்) கிகாபிட்டில் கிடைப்பது சில சதவீதம்தான். கணினி, சுவிட்ச், நாஸ் மூன்றில் ஒன்றில் விட்டுப்போனாலும், கோப்புறை திறக்கும், பிங் போகும், பெரிய கோப்பு மட்டும் நடுவில் உறையும். யாராவது முன்பே வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, விண்டோஸில் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் அளவில் நாஸுக்கு பிங் கொடுங்கள். பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் 1500-க்கே திருப்பி வையுங்கள்.