ஹைலக்ஸ் விற்ற அண்ணனின் 180 ரிங்கிட்

தோட்ட அலுவலகத்தில் முப்பது ஆண்டு கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். சுங்கை சிப்புட்டில் வீடு வாங்கிக் குடியேறிய பிறகும் நிரப்பவேண்டிய படிவங்களோடு வாசலுக்கு வருகிறவர்கள் குறையவில்லை. அப்படித்தான் பக்கத்து வீட்டு அண்ணன், பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியை விற்றுவிட்டுக் காப்புறுதிப் பத்திரத்துடன் வந்தார். "தம்பி, ஜனவரி 14இல் போட்டேன், மே 20இல் ரத்து கேட்டேன். 127 நாள்தான் ஓடியிருக்கிறது" என்றார். 720 ரிங்கிட் பிரீமியத்தில் மீதி 238 நாளுக்கு 469 ரிங்கிட் 48 சென் வரவேண்டும் என்று பழைய ரசீதின் முதுகில் வகுத்தும் வைத்திருந்தார். வந்தது 180.

வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அது காப்புறுதி நிறுவனமே முன்வந்து ரத்து செய்தால் போடும் கணக்கு. நாமாக ரத்து செய்தால் நாளை எண்ணமாட்டார்கள், அடுக்கைப் பார்ப்பார்கள். பத்திரத்தில் 'ரத்து' என்ற பிரிவைத் தேடுங்கள். மோட்டார் காப்புறுதியில் வழக்கமான அடுக்கு இது: ஒரு வாரத்துக்குள் ரத்து செய்தால் 87.5 விழுக்காடு திரும்பும். ஒரு மாதத்துக்குள் 75, இரண்டுக்குள் 62.5, மூன்றுக்குள் 50, நான்குக்குள் 37.5, ஆறுக்குள் 25, எட்டுக்குள் 12.5. எட்டு மாதம் தாண்டினால் வெறுங்கைதான். உங்கள் பத்திரத்தில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் இழப்பீடு கோரியிருந்தால் இந்த அடுக்கையே மறந்துவிடலாம்.

அடுத்து, எந்தத் தொகையில் விழுக்காடு போடுவது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அண்ணனின் ரசீதில் 1,600 ரிங்கிட் பிரீமியம், 55 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கோராமல் இருந்ததற்கான) கழிவு போக 720. அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 57.60, முத்திரை வரி 10. ஆக அவர் கட்டியது 787.60. கணக்குக்கு எடுக்கவேண்டியது நடுவில் நிற்கும் 720. முத்திரை வரி போனது போனதுதான்.

127 நாள் என்பது நான்கு மாதத்தைத் தாண்டி ஒரு வாரம். ஆகவே ஆறு மாத அடுக்கு, 720இல் 25 விழுக்காடு, 180. நான்கு மாதம் முடிந்தது மே 13. பெயர் மாற்றமோ மே 11ஆம் தேதியே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் முடிந்துவிட்டது. மறுநாளே கடிதம் கொடுத்திருந்தால் 37.5 விழுக்காடு, 270 ரிங்கிட். மச்சினி மகள் திருமணம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டதில் 90 ரிங்கிட் போயிற்று. முகவருக்கு இந்த அடுக்கு தெரியாமலா இருக்கும்? வாயே திறக்கவில்லை.

அதற்காக அவசரப்பட்டுப் பெயர் மாறும் முன்பே ரத்து செய்துவிடாதீர்கள். காப்புறுதி இல்லாத வண்டி சாலையில் ஓடினால் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், வண்டியோ இன்னும் உங்கள் பெயரில் இருக்கும். முதலில் பெயர் மாற்றம், அன்றைக்கே ரத்துக் கடிதம்.

என்சிடியையும் கேட்டு வாங்குங்கள். அண்ணனின் 55 விழுக்காட்டை அவர் பெயரிலேயே வாங்கும் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம். 180 ரிங்கிட்டைவிட அது பெரிய பணம். கடிதத்தின் நகலில் பெற்ற தேதியோடு முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பதிலை அழிக்காதீர்கள். அண்ணனிடம் இரண்டுமே இல்லை. மே 12இலேயே தொலைபேசியில் சொன்னதாக இன்றும் சாதிக்கிறார்.