நோட் சர்வர் மெமரி தீர்ந்து விழுகிறதா? எண்ணைக் கூட்டும் முன் இதைப் பாருங்கள்

நோட் (நோட்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) சர்வர் பத்து நாள் ஒழுங்காக ஓடியிருக்கும், திடீரென்று ஒரு ராத்திரியில் நாலு தடவை ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். உடனே எல்லோரும் செய்வது மேக்ஸ்-ஓல்ட்-ஸ்பேஸ்-சைஸ் ஃபிளாகின் (ஹீப், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் பொருட்கள் இருக்கும் மெமரி, எவ்வளவு வளரலாம் என்ற வரம்பு) எண்ணை இரண்டு மடங்காக்குவதுதான். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். கசிவு (தேவை முடிந்தும் விடுபடாத மெமரி சேர்ந்துகொண்டே போவது) நிஜமாகவே இருந்தால் ராத்திரி விழ வேண்டியது மறுநாள் மத்தியானம், ஆட்கள் நிறைய இருக்கும் நேரத்தில் விழும்.

முதலில் எக்ஸிட் கோடை, அதாவது பிராசஸ் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணைப் பாருங்கள். 134 என்றால் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 இஞ்சினே இடம் போதாமல் கைவிட்டிருக்கிறது, லாகின் கடைசியில் 'ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரி' என்று எழுதியிருக்கும். 137 என்றால் வெளியிலிருந்து கில் சிக்னல் வந்திருக்கிறது, பெரும்பாலும் லினக்ஸ் கர்னலின் ஓஓஎம் கில்லர் (மெமரி தீரும்போது பிராசஸைக் கொல்லும் பகுதி), ஆப் லாகில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கன்டெய்னருக்கு (ஆப் தனியாக அடைந்து ஓடும் பெட்டி) 512 எம்பி கொடுத்துவிட்டு மேக்ஸ்-ஓல்ட்-ஸ்பேஸ்-சைஸ் ஃபிளாகில் 1024 என்று போட்டிருந்தால் இப்படித்தான் நடக்கும்: இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்து வி8 குப்பையை (இனி தேவைப்படாத மெமரியை) நிதானமாக அள்ளும், அதற்குள் கர்னல் முந்திக்கொள்ளும். அங்கே எண்ணைக் குறைக்கத்தான் வேண்டும்.

அப்புறம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பிராசஸின் மெமரியூசேஜ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது தரும் எண்கள் எல்லாவற்றையும் லாகில் எழுதி, கிராஃபாக வரையுங்கள். ஹீப்யூஸ்டு (ஹீப்பில் இப்போது பயன்படும் அளவு) ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவது சகஜம். பல்லின் அடிப்பக்கம் நாளுக்கு நாள் மேலே போகிறதா என்பதுதான் கேள்வி. போனால் கசிவு. ஹீப்யூஸ்டு சும்மா இருக்க ஆர்எஸ்எஸ் (பிராசஸ் பிடித்திருக்கும் மொத்த ராம்) மட்டும் ஏறினால் சிக்கல் ஹீப்புக்கு வெளியே: பஃபர்கள் (பைட்டுகளை அப்படியே வைக்கும் இடங்கள்), இல்லையென்றால் படம் சுருக்குவது போன்ற நேட்டிவ் மாட்யூல் (ஜாவாஸ்கிரிப்டில் எழுதாதது). ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் ஹீப்பில் இருப்பவற்றின் பதிவு) அதற்கு அதிகம் உதவாது, அதே மெமரியூசேஜ் தரும் எக்ஸ்டர்னல், அரேபஃபர்ஸ் எண்களிலிருந்து தொடங்குங்கள்.

கிராஃபின் கோடு சமமாகப் போய் ஒரே நொடியில் செங்குத்தாக எழுந்து செத்தால், அது கசிவே இல்லை, ஏதோ ஒரே ஒரு ரிக்வெஸ்ட். லிமிட் போடாத டேட்டாபேஸ் குவெரி லட்சக்கணக்கான வரிசைகளை ஒரே அரேயில் கொண்டுவந்து கொட்டியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க விடாமல் செய்வது ஆக்சஸ் லாக்தான், ஏனென்றால் வழக்கமாக அது பதில் அனுப்பி முடித்த பிறகே வரியை எழுதும், சர்வரைக் கொன்ற ரிக்வெஸ்டோ முடிவதே இல்லை. ரிக்வெஸ்ட் நுழையும்போதே ஒரு வரி எழுதுங்கள். தொடங்கியும் முடியாத வரிகளில்தான் குற்றவாளி இருக்கும்.

சரி, கசிவுதான் என்றால் ஸ்னாப்ஷாட். ஹீப்ஸ்னாப்ஷாட்-நியர்-ஹீப்-லிமிட் என்ற ஃபிளாகைப் போட்டால் விழப்போகும் நேரத்தில் நோடே எடுக்க முயலும். ஹீப்ஸ்னாப்ஷாட்-சிக்னல் போட்டால் நாம் சிக்னல் அனுப்பும்போது எடுக்கும். எடுக்கும்போது ஈவன்ட் லூப் (ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கும் சுற்று) முழுவதும் நிற்கும், ஹீப்பைப் போல இரண்டு மடங்கு மெமரி வேண்டியிருக்கும், அதனால் லோடு பேலன்சரிலிருந்து (ரிக்வெஸ்டுகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) ஒரு இன்ஸ்டன்ஸைக் கழற்றிவிட்டு எடுங்கள். அந்த ஃபைலில் பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாம் அப்படியே எழுத்தாகக் கிடக்கும், ஆபீஸ் சாட்டில் போட்டுவிடாதீர்கள்.

சர்வர் தொடங்கி ஓட்டம் சீரானதும் ஒன்று, சில மணி நேரம் கழித்து ஒன்று எடுங்கள். இரண்டையும் குரோம் டெவ்டூல்ஸின் மெமரி டேபில் ஏற்றி, கம்பேரிசன் பார்வையில் எது கூடியிருக்கிறது என்று பாருங்கள். மேலே ஸ்ட்ரிங், அரே என்றுதான் வரும், அதில் நேரத்தைக் கரைக்காமல் உங்கள் கிளாஸ் பெயர்களையும் இன்கமிங்மெசேஜ் (வந்த ஒரு ரிக்வெஸ்டுக்கு நோட் உருவாக்கும் பொருள்) போன்றவற்றையும் தேடுங்கள்.

நான் ஒருமுறை ஒரு வாரம் போராடிய கேஸில் இன்கமிங்மெசேஜ் ஆயிரக்கணக்கில் தேங்கி நின்றது. எது எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் ரீடெய்னர்ஸ் பகுதியில் ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தால் ஒரு குளோஷர் (வெளியிலுள்ள மாறிகளைப் பிடித்து வைத்திருக்கும் ஃபங்ஷன்), அதைப் பிடித்திருந்தது எல்லா ரிக்வெஸ்டுக்கும் பொதுவான ஒரு ஈவன்ட்எமிட்டர் (நடப்பதை அறிவிக்கும் பொருள்). ரிக்வெஸ்ட் வரும்போது அதில் லிசனர் (அறிவிப்பு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) சேர்த்திருந்தோம், ரெஸ்பான்ஸின் ஃபினிஷ் ஈவன்டில் கழற்றினோம். பதில் போய்ச்சேரும் முன்பே பயனர் இணைப்பை அறுத்துக்கொண்டால் ஃபினிஷ் வராது, குளோஸ் மட்டும்தான் வரும்! நெட்வொர்க் மோசமாக இருந்த நாட்களில் மட்டும் சர்வர் விழுந்ததற்குக் காரணம் இதுதான். பத்து லிசனருக்கு மேல் போனால் நோடே எச்சரிக்கும், ஆனால் யாரோ செட்மேக்ஸ்லிசனர்ஸ் பூஜ்யம் (அதாவது வரம்பே இல்லை) என்று போட்டு அதன் வாயை அடைத்திருந்தார்கள். உங்கள் கோடில் அந்த வரி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். லிமிட் இல்லாத கேஷ் மேப், நிறுத்தாமல் விட்ட செட்இன்டர்வல் (திரும்பத் திரும்ப ஓடும் டைமர்) இரண்டையும் அதே கையோடு தேடிவிடலாம்.

திருத்திய பிறகு காத்திருக்காதீர்கள். உங்கள் மெஷினில் ஹீப்பை 128 எம்பிக்குக் குறைத்து, பாதியில் இணைப்பை அறுக்கும் ரிக்வெஸ்டுகளை ஆட்டோகேனன் மாதிரி லோடு டெஸ்ட் கருவி ஒன்றாலோ சின்ன ஸ்கிரிப்டாலோ அனுப்புங்கள். பழைய கோடு சீக்கிரமே விழ வேண்டும், புதியது தாங்க வேண்டும். பழையது விழவில்லையென்றால் நீங்கள் பிடித்தது வேறு ஏதோ, ஸ்னாப்ஷாட்டுக்கே திரும்புங்கள்.