மொறிஸ் மைனர் கதவை அடிக்காமல் சாத்த

"அடிச்சுச் சாத்துங்கோ, இல்லாட்டி வழியிலை திறபடும்." எங்கள் 1958 மொறிஸ் மைனரில் ஏறும் எல்லோருக்கும் அப்பா சொல்லிவந்தது இது. கார் என் கைக்கு வந்தபிறகு நானும் அதையே சொல்லித் திரிந்தேன். 90களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனம். அப்போது கதவைப் பற்றி யார் கவலைப்பட்டது?

இதைச் சரிசெய்யப் பலர் எடுத்த எடுப்பில் நடுத்தூணில், பூட்டின் நாக்கு கொளுவும் பூட்டுத் தட்டில் கை வைக்கிறார்கள். வேண்டாம். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பிணைச்சல் ஆணி தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் தட்டை இறக்கினால் இன்றைக்குப் பூட்டும். கதவு தொங்கத் தொங்கத் திரும்பவும் இறக்க வேண்டிவரும். அடுத்தது கதவைச் சுற்றியுள்ள றபர். என் காருக்கு ஒரு கராஜில் தடித்த றபரை ஒட்டிவிட்டு, "பூட்டு பழசு, மாத்த வேணும்" என்றார்கள். அதை உரித்துவிட்டு மெல்லிய றபர் போட்டேன், சாத்துவது எவ்வளவோ இலகுவானது. பூட்டின் நாக்கையும் மண்ணெண்ணெயால் கழுவி, இரண்டு சொட்டு ஒயில் விடுங்கள்.

இதற்குப் பிறகும் சண்டித்தனம் செய்தால் தட்டுக்கு வரலாம். தட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். திரும்பிப் போக வழி வேண்டுமே. திருகாணிகளுக்கு முதல்நாள் இரவே ஒயில் விட்டு, தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் இளக்குங்கள். மெல்லத் தட்டினால் தட்டு அசைய வேண்டும், அவ்வளவுதான். முழுதாகக் கழற்றினால் தூணுக்குள் இருக்கும் திருகாணித் தகடு கீழே விழுந்துவிடும். பிறகு கம்பி வளைத்துத் தூண்டில் போட வேண்டியதுதான்.

நாக்கு எங்கே இடிக்கிறது? நான் மனைவியின் கண்மையை எடுத்து நாக்கில் தடவி, மெல்லச் சாத்தித் திறந்தேன். தட்டின் கீழ்விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு. ஆகவே தட்டை நகக்கண் அளவு கீழே இறக்கினேன். மேல்விளிம்பில் பட்டிருந்தால் ஏற்ற வேண்டும். ஓடும்போது கதவு கடகடத்தால் தட்டை உள்ளே தள்ளுங்கள். சாத்தக் கடினமென்றால் வெளியே.

ஒவ்வொரு முறையும் கையால் அணைத்து மெதுவாகவே சாத்துங்கள். அடித்துச் சாத்திக் கதவு சிக்கினால் திறக்கப் படாத பாடு படவேண்டும். மறுபக்கக் கண்ணாடியை இறக்கி வைத்திருப்பது நல்லது. இரண்டு "டக்" கேட்க வேண்டும். முதல் சத்தத்தோடு நின்றால் கதவு பூட்டவில்லை என்றே அர்த்தம். திருகாணிகளை மாறி மாறி இறுக்குங்கள். இறுக்கும்போது தட்டு நழுவும், ஆகவே இன்னொரு தடவை மை தடவிப் பாருங்கள். கடைசியாக, கொப்பித் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தேன். சுற்றிவர எல்லா இடத்திலும் பிடித்து வந்தது, கீழ்மூலை தவிர. மழைக்கு முன் அங்கே றபரைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

இடப்பக்கக் கதவு இன்னும் பாக்கி. அதற்குப் பிணைச்சல் ஆணியே போய்விட்டது, கடைசல்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.