வெளி மாநிலத்தில் படிக்கும்போது முதல் ரைஃபிள்

அமெரிக்காவில் வீடு ஒரு மாநிலம், கல்லூரி இன்னொரு மாநிலம் என்றால் ரைஃபிள் வாங்க முடியாதோ என்று பயப்பட வேண்டாம், வெளி மாநிலத்தில் வாங்கவே முடியாதது கைத்துப்பாக்கிதான். ரைஃபிளை 18 வயது முடிந்து, இரண்டு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால், உரிமம் பெற்ற கடைக்கு நேரில் போய் வாங்கலாம். சில மாநிலங்களில் 21 ஆகியிருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையான முகவரியை எழுதுங்கள். 21க்குக் கீழே என்றால் பின்னணிச் சோதனை 10 வேலை நாள் வரை இழுக்கலாம். வேறு மாநிலத்துத் தோழனிடம் வாங்குவதா? அதுவும் கடை வழியாகத்தான் கைமாற வேண்டும். நம்மூரிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர்களோ, வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் தொடவே கூடாது. அப்புறம், பல கல்லூரி விடுதிகளில் துப்பாக்கிக்கு அனுமதி கிடையாது. எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.